அண்ணன் சுற்றிக் காட்டிய வார்டு

எங்கள் இரும்புலியூர் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். சர்க்கரை, மூட்டு ஆபரேஷன், பித்தப்பைக் கல் என்று எதுவானாலும் பெயர் சொல்லித்தான் ஜெபம். வீட்டு விலாசம் ஒன்றுதான் பாக்கி. மனநல ஆஸ்பத்திரியில் இருந்த என் அண்ணன் மட்டும் ‘பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரர்’. அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

அண்ணன் மெல்லத் தேறிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில், ஒரு சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அறிவித்தார்கள். குணமாகி வருகிறவர்களில் விருப்பமுள்ளவர்களே வார்டைச் சுற்றிக் காட்டலாம். அண்ணன் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருக்கிறான். பார்க்கப் போன எங்களிடம் ஒன்றுதான் கேட்டான்.

“சபையில என் பேரைச் சொல்லி எல்லாரையும் கூப்பிடுங்கம்மா.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “உன் கல்யாணம் முடியட்டும்டி. அப்புறம் ஊருக்கே சொல்லலாம்.”

“என்னைக் காட்டி அவனை மறைக்காதீங்க. இதைக் கேட்டு ஓடுற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும், மண்டபம் பாக்குற அலைச்சலாவது மிச்சம்” என்றேன்.

அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் ஞாயிறன்று ஜெப வேளையில் அவரே எழுந்து நின்றார். அண்ணனின் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். சனிக்கிழமை வாருங்கள் என்றார். அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

சனிக்கிழமை கூட்டமெல்லாம் வரவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர்தான் வந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், சமையலறையிலிருந்து குளியலறை வரை அவரை அழைத்துப்போனான். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம். நோயாளிக்கு என்னென்ன உரிமை, யாரிடம் புகார் சொல்லலாம் என்று தமிழில் எழுதிய பலகை ஒன்று சுவரில் இருந்தது. வாத்தியார் சார் அதை நின்று நிதானமாக வாசித்தார். பிறகு சட்டென்று திரும்பினார்.

“உண்மையைச் சொல்லு தம்பி. கட்டிப் போடுவாங்களா?”

கூட வந்த நர்ஸ் குறுக்கே பேசவில்லை.

“என்னை ஒரு தடவை கட்டினாங்க சார்” என்றான் அண்ணன். “அன்னிக்கு என்னையே நான் அடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம்தான். ஏன் கட்டினாங்கன்னு எனக்கும் சொன்னாங்க, வீட்டுக்கும் சொன்னாங்க. சொல்லித்தான் ஆகணும், அது சட்டம். ஆனா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சார். அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

வீட்டுக்குச் சொன்னார்களா? அம்மாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னிடம்கூடச் சொல்லாமல் அதைத் தனியாகவே சுமந்திருக்கிறார்.

நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் சார் நம்பியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் பொண்ணு ரூமை விட்டே வெளிய வரமாட்டேங்கிறாப்பா. அவளைக் கூட்டிட்டு வந்தா, இதே மாதிரி எல்லாத்தையும் சொல்லுவியா?”

அவர் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள் என்றுதான் தெருவே நம்பிக்கொண்டிருந்தது.

“கண்டிப்பா சொல்றேன் சார்” என்றான் அண்ணன். “முதல்ல அவங்களுக்கு வர இஷ்டமான்னு கேளுங்க.”