வணிகர் வீட்டு வாசலில் பனிச்சப்பாத்து

வழிகாட்டி வேலையில் நாம் தொண்டை வறளப் பேசலாம். வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்டுக்கொண்டு போவார்கள். வாயால் பிழைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது புதிதல்ல.

ரொறன்ரோவில் ஒரு நூதனசாலையில் எனக்கு வேலை. வட ஐரோப்பாவின் பழைய துறைமுக நகரமொன்றில் இடைக்கால வணிகர்கள் வாழ்ந்த வீட்டை, அசல் அளவிலேயே அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அதைத் தமிழில் சுற்றிக்காட்டுவேன். இந்தப் பனிக்காலம் முடியும்வரை பரீட்சார்த்தம்தான்; வருபவர்கள் பாதியில் கழன்றால் தமிழ்ச் சுற்று நிறுத்தப்படும் என்று மேலாளர் டானா சொல்லியிருந்தார். இந்த நாட்டில் என் தமிழுக்குச் சம்பளம் தந்த ஒரே வேலை. பறிபோய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

நிலவறை

வீட்டுக்குக் கீழே நிலவறை. அதற்குத் தெருவிலிருந்தே இறங்கத் தனிப்படி. வீட்டுக்காரர் அதை வேறு வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவதுண்டு. வைன் பீப்பா, உப்பு, கம்பளித் துணி என்று நான் அடுக்கியது எதுவும் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய அண்ணையின் காதில் ஏறவில்லை. படியை எட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தீரே, செப்பரேட் என்ட்ரன்ஸ்! பேஸ்மென்ற் வாடகைக்கு விட அது வேணும், இல்லாத வீடு வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்."

மேல்மாடி

உலர்ந்த மேல்மாடிகளெல்லாம் சரக்குக்கு. கப்பியில் கயிறு போட்டு மூட்டைகளை மேலே இழுப்பார்கள். குடும்பமும் வேலையாட்களும் கீழே நெருக்குப்பட்டுக் கிடப்பார்கள். எல்லோரும் வியக்கட்டும் என்று இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். மல்வேர்னிலிருந்து வந்த அன்ரி வியக்கவில்லை.

"இதில என்ன பிள்ளை புதினம்? எங்கட கராஜுக்குள்ள சாமான், கார் வெளியில பனிக்குள்ள."

வாசல்

டானா பார்வையிட வந்த அன்று மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு முதியோர் சங்கம் வந்திருந்தது. பதற்றத்தில் நான் வழமையான விளக்கத்தை விட்டுவிட்டு, வாசலில் நின்று "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று கைகாட்டிவிட்டேன். வீட்டுக்காரி கூப்பிட்டால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் நின்ற அங்கிள் குனிந்து பனிச்சப்பாத்தைக் கழற்றினார். முழுச் சங்கமும் கழற்றியது. பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதியும், இதுதான் இங்கே விதியாக்கும் என்று கழற்றினார்கள். வாசலில் சப்பாத்துக் குவியல். இதோடு வேலை போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் சப்பாத்தைக் கழற்றியவர்கள் லேசில் எழும்புவார்களா? கூடத்து வாங்கில் காலுறையோடு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். "வீட்டுக்காரர் கப்பலில போனா கடையை ஆர் பாத்தது?" என்றார் அங்கிள். "மனிசிதான்," என்றேன். பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், குளிருக்கு என்ன செய்தார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஒருவரும் பாதியில் போகவில்லை. டானா குவியலையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்:

"அடுத்த பனிக்காலத்துக்கு இங்கே ஒரு சப்பாத்துத் தட்டு வைக்கவேண்டும். எவ்வளவு பெரிதாக வேண்டும்?"

இடைக்கால வணிகம் பற்றி நான் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், என் வேலையைக் காப்பாற்றியது அங்கிள் கழற்றிய சப்பாத்துத்தான்.