ஓவசியர் சவிரிமுத்து இறங்கிய கற்குழி

முல்லைத்தீவு பஸ்ஸின் கொண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். வவுனியாவில் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோர் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்காமலே தலையை நீட்டி, "ஐயா, உங்களோட முந்தி வேலை செய்த புதையல் ஓவசியர் மோசம் போயிட்டாராம். நாளைக்கு எடுக்கினம்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். பஸ் போய்விட்டது. நான் கையில் குடையோடு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் செத்த துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. அந்த மனிதர் ஏன் "புதையல் ஓவசியர்" ஆனார் என்பது இப்போது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பயம்.

சவிரிமுத்துவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை அப்படிக் கூப்பிட்டவர்களுக்காகவும்தான்.

நாயாற்றுக் கரையில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து, எங்கள் நீர்ப்பாசனப் பகுதியில் எனக்குக் கீழே, வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக வந்து சேர்ந்தவர். அவரைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. குளக்கட்டில் சைக்கிளை ஓட்டமாட்டார், இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். இடி இடித்தால் கைமணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கந்தோரில் நாங்கள் வாய்விட்டுச் சிரிப்போம். "கடற்கரையில பிறந்த உமக்குத் தண்ணிக்குப் பயமோ?" என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணியோட வளர்ந்தவனுக்குத்தான் ஐயா பயம் வரும். மற்ற ஆக்களுக்கு அது குடிக்கிற சாமான்" என்றார்.

ஐம்பதுகளில் நெடுங்கேணிக்குக் கிழக்கே, காடு மூடிக் கிடந்த ஒரு பழைய குளத்தைத் திருத்தும் வேலை எங்கள் இருவர் கையிலும் வந்தது. குளத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் குளக்கட்டின் கீழே காணி கொடுத்திருந்தார்கள். காட்டை வெட்டிக் கட்டைத் துப்புரவாக்கியபோது, குளத்துப் பக்கச் சரிவில் ஒரு சதுரக் குழி வெளிப்பட்டது. நான்கு பக்கமும் பெரிய கருங்கற்கள். சிலர் பழைய கிணறு என்றார்கள், சிலர் கோயிலின் அடித்தளம் என்றார்கள். நான் கிணறு என்று சொன்ன கட்சி.

சவிரிமுத்து மாத்திரம் நாள்தோறும் பின்னேரங்களில் அந்தக் குழிக்குள் இறங்கி, அளவு நாடாவோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னையும் இறக்கிக் காட்டினார். குளத்து நீர் கட்டுக்கு அடியால் ஒரு கல்வாய்க்கால் வழியே இந்தக் குழிக்குள் வரும். இங்கே அதன் வேகம் உடையும். பிறகு மறுபக்க வாய்க்காலால் வயலுக்குச் சாதுவாகப் போகும். நீரை அடைக்கவும் விடவும் பலகை இறக்குவதற்கு, நீர் வரும் வாயின் இரு ஓரமும் கல்லில் மேலிருந்து கீழாக ஒடுங்கிய பள்ளமாகக் காடி வெட்டியிருந்தது. குழி இல்லாமல் நேரே விட்டால், குளம் நிறைந்த காலத்தில் பாய்ந்து வரும் நீர் கட்டை அறுத்துக்கொண்டு போய்விடும். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் இதை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதை எந்த அரசன் கட்டினான் என்று சண்டை பிடிக்க இந்த நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. சவிரிமுத்துவுக்கு அதில் அக்கறை இல்லை. காடியில் விரலை வைத்துத் தடவிக்கொண்டு, "இதைக் கட்டின ஆள் கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொல்லுவினம் ஐயா. நான் சொல்லுறன், அவன் நல்லாப் பயந்தவன். பயந்தபடியாலதான் இவ்வளவு யோசிச்சிருக்கிறான்" என்றார். அப்போது எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிட இரும்புக் கதவு போட்ட புதுத் துருசு ஒன்றைச் சற்றுத் தள்ளிக் கட்டி முடித்திருந்தோம். ஆகவே பழைய குழி யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது. ஒரு பசுக்கன்று அதற்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டது. குடியேறியவர்கள் முறைப்பாடு செய்தார்கள். திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வர நாள் குறித்தாயிற்று. அவர் கண்ணில் ஒரு பாழ்குழி படக்கூடாது என்று எனக்கு மேலே இருந்தவர் சொன்னார். நான் சவிரிமுத்துவைக் கூப்பிட்டு, மண் போட்டு மூடச் சொன்னேன்.

"மூடுறதெண்டால் முதலில குளத்துப் பக்க வாயை அடைக்கவேணும் ஐயா. அது சேத்துக்குள்ள கிடக்கு. அடுத்த கோடை வரைக்கும் பொறுங்கோ. இப்ப மேலால மண்ணைக் கொட்டினால் அது மூடினதில்லை, மறைச்சது."

"நீர் பயப்பிடாதையும். நான் சொல்லுறன், மூடும்" என்றேன். அவர் ஆட்களை வைத்து மூடுவித்தார். வயல் பக்க வாய்க்கு மட்டும் கொஞ்சம் சீமெந்து பூசினோம். விழா நன்றாக நடந்தது. பெரியவர் மாலையோடு அந்த மண்ணின் மேல்தான் நின்று பேசினார்.

அந்த வருடத்து மழை பிடித்ததிலிருந்து சவிரிமுத்துவுக்கு உறக்கம் போய்விட்டது. விடிந்ததும் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு குளக்கட்டின் அடிவாரத்துக்குப் போவார். கட்டில் கசிகிற நீரைத் தம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். கசிவு இல்லாத மண்கட்டு உலகில் இல்லை. தெளிந்த நீர் கசிந்தால் குற்றமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். குடியேற்றத்தில் முதல் வரிசை வீட்டுக்காரரான கந்தப்பு வேலியில் நின்று கூப்பிடுவார்: "என்ன ஓவசியர், குளத்துக்கு என்ன வருத்தம்? ஆசுப்பத்திரி அப்போதிக்கரியிட்டை அனுப்பவோ?" சவிரிமுத்து சிரிக்கமாட்டார்.

மார்கழியில் ஐந்து நாள் விடாத மழை. குளம் நிரம்பி, மிகுதி நீர் வான் வழியே வெளியே பாய்ந்தது. ஆறாம் நாள் காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டுத் தம்ளரை என் முன்னே மேசையில் வைத்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"மண் வருது ஐயா" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். மூடிய குழியின் மேல்மண் சுளகு அகலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கட்டின் அடியில், சீமெந்து பூசிய வாயைப் பிய்த்துக்கொண்டு கலங்கல் கொப்பளித்தது. கீழே வீடுகளின் கூரை தெரிந்தது. அடுப்புப் புகை கூடத் தெரிந்தது. பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொல்லி, பெண்களையும் குழந்தைகளையும் மேட்டுக்கு ஏற்றினோம். ஆனால் கிழவர்களும் நோயாளிகளும் இருந்தார்கள், பாதை இடுப்பளவு வெள்ளத்தில் கிடந்தது. எல்லாரையும் ஏற்ற ஒரு பகல் வேண்டும். கட்டு அவ்வளவு நேரம் தராது என்று சவிரிமுத்து சொன்னார்.

"காடி இருக்குத்தானே ஐயா. குளத்துப் பக்கச் சுவரில மண்ணை எடுத்துப் பலகையை இறக்கினால் தண்ணி நிக்கும். அதுக்குத்தானே அவன் வெட்டி வைச்சவன்."

பலகைக்கு எங்கே போவது? கந்தப்பு போய்த் தன் வீட்டின் முதிரை மரக் கதவைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் காடியின் அளவுக்கு மூன்று பலகையாக அறுத்தார்கள். நான்கு பேர் குழிக்குள் இறங்கி மண்ணை வாரினார்கள். சுவர் தெரிந்ததும் மேலே வரச் சொல்லிவிட்டுச் சவிரிமுத்து இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுநுனி என் கையில்.

"எனக்குச் சரியான பயமாயிருக்கு ஐயா. கயித்தை விட்டிடாதேங்கோ" என்றார். "அந்தோனியாரே" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு இறங்கினார்.

குழிக்குள் நீர் அவர் மார்பளவில் சுழன்றது. காலின் கீழ் மண் கரைந்து போவதை அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நின்ற கட்டு நடுங்குவது போல் இருந்தது. இன்றுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். கயிற்றை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். நடுவில் ஒருமுறை அந்தச் சுற்றை அவிழ்த்துச் சும்மா பிடித்துக்கொண்டேன், கட்டு போனால் நான் ஓடுவதற்காக. கந்தப்பு அதைக் கண்டாரோ என்னவோ, பின்னால் வந்து கயிற்றின் வாலைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

முதல் பலகை காடியில் இறங்கியது. இரண்டாவது சிக்கியது. சவிரிமுத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்து தன் பாரத்தால் இறக்கினார். மூன்றாவதும் போனபின், நீரே பலகையைச் சுவரோடு அமத்திப் பிடித்துக்கொண்டது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்தோம். மத்தியானம் அடிவாரத்தில் கொப்பளிப்பு நூலாகியது. பிறகு தெளிந்தது. அவர் அந்த நீரைத் தம்ளரில் பிடித்து என்னிடம் காட்டி, குந்தியிருந்து விம்மி அழுதார்.

மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் கண்டது வேறு. பழைய கற்குழி திறந்து கிடந்தது, சேறு பூசிய ஓவசியர் அதன் வாயில் இருந்தார். வன்னியில் பழைய கல் எங்கே கிடந்தாலும் அதன் அடியில் புதையல் இருப்பதாகத்தான் பேச்சு. கோடை முழுக்க அவர் குழிக்குள் இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆட்களை வைத்து மூடுவித்ததும் அவர்தான். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு மூடினார், அதனால்தான் கட்டு இறங்கியது என்று கதை கட்டினார்கள். கதவைத் தந்த கந்தப்புவே, "ஆள் தங்கமான ஆள். ஆனால் எடுத்தவர்தான்" என்றார்.

கந்தோரிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். குழியை மூடும் முன் வாயை ஏன் அடைக்கவில்லை, உத்தரவு யாருடையது என்று கேட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு காத்திருந்த நேரம். பழைய கட்டுமானம் இனந்தெரியாதோரால் தோண்டப்பட்டிருந்ததாக அறிக்கை எழுதினேன். ஒரே ஒரு வசனம். அது ஊர்க்கதைக்கு முத்திரை குத்திவிட்டது. சவிரிமுத்துவைத் தண்டிக்கவில்லை, கரைப்பக்கம் மாற்றினார்கள். மூட்டை கட்டும்போது போய்ப் பார்த்தேன்.

"நீங்கள் எழுதினதை நான் கண்டனான் ஐயா" என்றார். "பரவாயில்லை. உங்களுக்கும் பயம்தானே."

எனக்கு அந்த ஆறுதலைவிட ஓர் அறை விழுந்திருக்கலாம்.

செத்த வீட்டுக்குப் போனேன். நாயாற்றில் ஓலை வீடு, மழைக்குச் சாக்கு மறைப்பு. அவர் மனைவி றோசம்மா என்னை அடையாளம் கண்டு குசினிப் பக்கம் கூட்டிப்போனா. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டா:

"ஐயா, நீங்கள் அவரோட இருந்தனீங்கள். குறை நினைக்காதேங்கோ. அவர் அந்தக் குழியில உண்மையா ஏதும் எடுத்தவரோ? எடுத்ததை எங்கையும் வைச்சிருந்தால்... பிள்ளையளுக்கு ஒரு வழி இல்லை ஐயா. நான் கேட்டால் வாயே திறக்கமாட்டார்."

இத்தனை வருடம், சொந்த மனைவிக்குக்கூட என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் என் கந்தோர் ஆட்கள் இருந்தார்கள். "தெரியாது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம்தான். அதுவும் முழுதாக வரவில்லை. அவருக்கும், அந்தக் குழியைக் கட்டிய பெயர் தெரியாதவருக்கும், பிறர் வீட்டில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று பயம். எனக்கு இவ்வளவு காலமும் எனக்காக மட்டும்தான் பயம். இதை எழுதும்போதும் அந்தப் பயம்தான். அச்சில் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்.

றோசம்மா, அவர் எதையும் எடுக்கவில்லை. மூடச் சொன்னவன் நான். பொய் எழுதினவனும் நான்.