கன்னத்தில் ஊதா

கண் மருத்துவமனையில் எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். எதிரே தொங்கிய காலண்டரில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்த படம். வெயிலில் ஒரு பெண் துணி உலர்த்துகிறாள். அவள் கன்னத்து நிழல் ஊதாவாக இருந்தது. எனக்கு அலமு அத்தை நினைவு வந்துவிட்டது.

நாற்பதுகளின் தொடக்கத்தில் திருக்கோகர்ணத்தில் இருந்தோம். சென்னையில் ஓவியம் படித்த சித்தப்பா, இத்தகைய படங்களைப் புத்தகத்தில் பார்த்து மயங்கிப்போனவர். அத்தை அவருக்குத் தங்கை. காலை வெயிலில் அவள் நெல் புடைப்பதை வரைந்து, போட்டோவுக்குப் பதிலாக மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். கன்னத்தில் ஊதா, மோவாயில் பச்சை.

படத்தோடு அன்னவாசலிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வந்து இறங்கினார்.

"இங்கிட்டு வாம்மா, வெளிச்சத்துக்கு" என்று அத்தையை அழைத்தார். முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, அவள் கன்னத்தை அழுத்தித் தேய்த்தார்.

"தேமல் இல்லைங்க. படம் போட்டவருக்குத்தான் கண்ணு கோளாறு. தட்டு மாத்திக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்தார்.

"கீழ வைங்கண்ணே" என்றாள் அத்தை. "மாட்டுச் சந்தையிலகூட இப்படித் தேச்சுப் பாக்க மாட்டாக. நான் அந்த வீட்டுக்குப் போகல."

அந்த அம்மாள் படத்தைப் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் தன்னால்தான் வந்தது என்று சித்தப்பா அதைக் கிழிக்கப் போனார்.

"குடுங்க சின்னண்ணே" என்று அத்தை பிடுங்கிக்கொண்டாள். "இதுல நான் நல்லாத்தான் இருக்கேன்."