எங்களுக்குப் பின்னால் வந்த வேன்

மாத்தளையில் வீதி வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தபோது, பொறியியலாளர் ஒருவர் எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வீதி எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதை அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லையாம். என்னென்ன வாகனங்கள் கலந்து ஓடுகின்றன என்பதும் முக்கியமாம். ஏற்றத்தில் ஊர்ந்து போகும் ஒரு லேண்ட்மாஸ்டர் பல கார்களின் இடத்தைத் தின்றுவிடும் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றில் கொலுவீற்றிருந்தவள் நான்.

யுத்த காலம் அது. பலாபத்வல தாண்டி எங்கள் வீடு. அப்பாவிடம் இருந்த லேண்ட்மாஸ்டர் இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டினால் ரோட்டுக்கும் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்கக் கண்டியிலிருந்து வருவதாக இருந்தது. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் அம்மா போட்ட கண்டிப்பு. எங்கள் வீட்டிலோ வருகிறவர்களை உட்கார வைக்க ஒழுங்கான கதிரை இல்லை. மாத்தளையில் சித்தி வீட்டுக் கதிரைகளை இரவல் வாங்க அப்பாவும் நானும் போனோம். கல்யாணப் பெண்ணை எதற்குக் கூட்டிப் போனார் என்று கேட்காதீர்கள். கதிரைகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

சித்தி சாப்பிட வைக்காமல் விடவில்லை. கிளம்பும்போதே பிந்திவிட்டது. பெட்டியில் ஒரு கதிரையில், பின்பக்கம் பார்த்தபடி நான். எனக்கு நேரே ஒரு நீல வேன். அதன் பின்னால் பஸ், மரக்கறி லொறி, இன்னொரு பஸ் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. எதிரே இராணுவ லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் யாராலும் முந்த முடியவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நுழைந்து போயின. வேன் விடாமல் ஹோர்ன் அடித்தது.

அப்பா திரும்பிப் பார்த்து, "ஒதுங்கவா?" என்றார்.

"ஒதுங்காதீங்கப்பா! ஒருத்தன விட்டா அத்தன பேரும் போவாங்க, நம்ம ஓரத்துலயே நிக்கணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க நமக்கு முன்னால வந்துட்டா மானமே போயிரும்."

வேனைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, "அவ்வளவு அவசரம்னா பறந்து போ!" என்று கத்தினேன். நாக்கைத் துருத்திக் காட்டியதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

அப்பா எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பினார். வேனும் திரும்பியது.

நாலரை தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேனை விட்டு இறங்கவில்லை. ராகுகாலத்தில் படியேற மாட்டாராம். அது முடியும்வரை அத்தனை பேரும் எங்கள் வாசலில், வேனுக்குள் வேர்த்து வடிந்தார்கள். அக்கம்பக்கம் எல்லாம் வேலியோரம் கூடிவிட்டது. அப்பா வேன் ஜன்னலருகே கைகட்டி நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். மண் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பெல்லாம் என்னுதுங்க. புள்ள ஒதுங்குங்கப்பா, ஒதுங்குங்கப்பான்னு சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு. நான்தான் கேக்கல."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாங்கதான் வழி முழுக்கப் பாத்துக்கிட்டே வந்தோமேங்க," என்றார், மெதுவாக.

அப்பா எனக்காகச் சொன்ன பொய்யில் பிடிபட்டு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால், தன் வீட்டு நடுவிலேயே தலைகுனிந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், தேத்தண்ணியைக் கொடுக்காமலே நான் உள்ளே போய்விட்டேன்.