முத்தையா அண்ணாச்சி கூட்டி வந்த நால்வர்

முத்தையா அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு மண்ணெண்ணெய் வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் டின்னோடு நின்ற தபால்காரர் திரும்பிப் பார்த்து, "சார்வாளுக்குத் தெரியாதா? கருவாட்டு அண்ணாச்சி முந்தாநாளே போய்ட்டாருல்லா. நேத்து எடுத்தாச்சு" என்றார். வடகரையில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். "வாசகசாலைல இருந்து ஒருத்தரும் வரலையேன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சாம்" என்றும் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

தென்காசி வாசகசாலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட அவர் சட்டையின் வாடைதான் ஞாபகம் இருக்கும். வாரம் ஒருமுறை கடற்கரைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து, இலத்தூர், வடகரை என்று நடவு நடக்கும் ஊர்களிலெல்லாம் சைக்கிளில் விற்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் நாளிதழை விளம்பரம்வரை விடாமல் படிப்பார். நம் தலைவர் வக்கீல், 'பத்திரிகையெல்லாம் மீன் நாத்தம் அடிக்கிறது' என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணாச்சி மறுநாளிலிருந்து கடைசி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "காத்து அங்கனதான் நல்லா வருது" என்றார். அன்று செயலாளராக இருந்த நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், நமக்குக் கிழக்கே கடலில் எண்ணெய் தேடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. தண்ணீருக்குள் வெடி வைத்து, அந்த அதிர்வை அளந்து, அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்களாம். வாசகசாலையில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை. மண்ணெண்ணெய் தண்ணீராக ஓடும், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்களுக்கெல்லாம் வேலை கிடைக்கும் என்றார்கள். மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாம். திருச்செந்தூரில் முங்கி எழுந்த அளவுதான் நமக்கும் கடலுக்கும் உறவு. ஆனாலும் 'இம்மாவட்ட மக்களின் ஏகோபித்த வரவேற்பு' என்று ஒரு தீர்மானம் தயாரானது. நான்தான் எழுதினேன்.

அண்ணாச்சி மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"ஏன்வே முத்தையா, எண்ணெய் கிடைச்சா உம்ம கருவாட்டப் பொரிக்கவாவது ஆகும்லா?" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள்.

"பொரிக்கதுக்குக் கருவாடு வேணும்லா, வக்கீலய்யா" என்றார் அண்ணாச்சி. "கடலுக்குள்ள வெடி போடுதாவ. அந்தக் கரையில இருக்கவுகள ஒரு வார்த்தை கேட்டியளா? பாக்காத சரக்குக்கு நாம விலை சொல்லப் படாது."

அவருடைய வியாபாரத்தில் அதுதான் விதி. மூட்டையைப் பிரித்துக் கையால் அளைந்து பார்க்காமல் விலை பேசமாட்டார்.

உள்ளூர் மக்கள் கருத்தைக் கேட்டு எழுத அதிகாரிகள் வந்தார்கள். அதைக் கடற்கரையில் கேட்டிருக்க வேண்டும். சீசன் காலமாக இருந்ததால் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வைத்துக் கேட்டார்கள். அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. தாம் சரக்கெடுக்கும் ஊருக்குப் போய், பெரியவர் தொம்மையையும் இன்னும் மூன்று பேரையும் பேசி அழைத்து வந்தார். அவர்கள் அவரை நம்பித்தான் வந்தார்கள். நால்வரும் இரவு அவருடைய கருவாட்டுக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குக் குற்றாலத்தில் வந்து இறங்கினார்கள். கூட்டம் பத்தரைக்கு.

பஸ் நிறுத்தத்தில் நான் நின்றிருந்தேன். அவர்கள் அருகே வந்ததும் அந்த வாடை என்மேல் அடித்தது. நான் சொன்னேன்: "அண்ணாச்சி, இப்படியேவா உள்ள கூட்டிட்டு வரப் போறிய? அதிகாரிய எல்லாம் வெளியூர்க்காரவ. அருவி பக்கத்துலதான இருக்கு."

அண்ணாச்சி தம் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் சுண்டிப் போனது. "சரிதான் சார்வாள்" என்றார். "வாங்க, தலையைக் காட்டிட்டு வந்திருவோம்."

"ஏலே, குளிக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்? கடல்லயே கிடக்கவனுக்கு என்ன குளிப்பு?" என்றார் தொம்மை.

"சொன்னாக் கேளும். நாத்தம்னுட்டா பிறவு நாம சொல்லுத ஒண்ணும் அவுக காதுல ஏறாது. எனக்குத் தெரியும்."

அது அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் நாம்தான். பதினைந்து வருஷமாக ஜன்னலோரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அருவியில் அன்று கூட்டம். அதோடு மலையில் மழை பிடித்து, தண்ணீர் கூடிவிட்டதென்று போலீஸ்காரர் குளிப்பை நிறுத்திவிட்டார். இவர்கள் ஐந்து பேரும் காத்து நின்றிருக்கிறார்கள். இங்கே கூட்டம் சரியாகப் பத்தரைக்குத் தொடங்கியது. வக்கீல் தீர்மானத்தைப் படித்தார். அதிகாரிகளுக்கு ஐந்தருவிப் பக்கம் மதிய விருந்து ஏற்பாடாகியிருந்தது. பதினொன்றேகாலுக்கெல்லாம் மூத்த அதிகாரி, கடற்கரையிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று இங்கிலீஷில் கேட்டார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாராக இருந்த பள்ளியின் கமிட்டியில் அவர் இருந்தார். அடுத்த மாதம் தலைமையாசிரியர் நியமனம். நான் எழுந்து, யாரும் வரவில்லை என்றேன். குறிப்பேட்டிலும் என் கையால், 'கடற்கரைப் பகுதியிலிருந்து ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று எழுதினேன். அந்தப் பதவி பிறகு வக்கீலின் தங்கை மருமகனுக்குப் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

கார்கள் வாசலைத் தாண்டும்போதுதான் அவர்கள் வந்தார்கள். ஈரத் தலையை வாரி, முகத்தில் பவுடர் பூசியிருந்தார்கள். அண்ணாச்சி எங்கேயோ கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கார்கள் போன திசையையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தொம்மைதான் பேசினார்.

"வேண்டாம்னு சொல்ல வரலை, சார். சாளை மீன் வார ரெண்டு மாசம் மட்டும் வெடிய நிறுத்துங்கன்னு கேக்கத்தான் வந்தோம். மீதி மாசம் பூராவும் உங்களுக்குத்தான்."

எழுதி அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை.

சாளை வரும் நேரத்திலேயே வெடி வைத்தார்கள். "மூணு நாளு செத்த மீனா ஒதுங்கிச்சு, சார்வாள். காக்காயே தின்னு அலுத்துப் போச்சு. பிறவு ஒண்ணும் வரலை" என்று அண்ணாச்சி வந்து சொன்னார். அடுத்த வாரம் சரக்கெடுக்கப் போனவரைக் கரையில் நின்ற பெண்கள், "எங்க ஆம்பளையளக் குளிப்பாட்டிவிட்ட மகராசன் வந்துட்டாரு" என்று வரவேற்றிருக்கிறார்கள். அவருக்குச் சரக்குக் கொடுக்க ஆளில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தாமதப்படுத்தியவர் என்று அங்கே பேச்சாகிவிட்டது. இரண்டு தலைமுறைப் பழக்கம் ஒரு குளியலில் அறுந்தது. கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வடகரைக்குப் போய்த் தேங்காய் பொறுக்கி விற்றார். எண்ணெய் தேட வந்த கப்பலும் பிறகு போய்விட்டது. தென்காசிப் பையன் ஒருவனுக்கும் வேலை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இலத்தூர் விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், அவரைப் பார்த்தேன். சைக்கிளில் தேங்காய் மூட்டை. இப்போது அவர்மேல் ஒரு வாடையும் இல்லை. குளிக்கச் சொன்னது நான்தான் என்று ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொன்னிய, சரி. நடந்தது என் காலுதான, சார்வாள்" என்றார். பிறகு, "உங்க பேரைச் சொல்லி நான் தப்பிச்சா, அவுகளுக்கு மீனு திரும்பி வந்திருமா?" என்றார். அன்று கூட்டத்தில் 'வந்திருக்கிறார்கள்' என்று நான் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். "வெயில் ஏறுது, வரட்டுமா" என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

இப்போது வாசகசாலையில் அவருக்குப் படம் திறக்க வேண்டும் என்கிறார்கள். வக்கீல்தான் திறந்து வைக்கிறாராம். மாட்டுங்கள். நான் வரமாட்டேன்.

செய்தி கேட்ட மறுநாள் தொம்மையைப் பற்றி விசாரித்தேன். அவரிடமாவது நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று. போன வருஷமே இறந்துவிட்டாராம். மற்ற மூவரும் பிழைப்புக்கு எந்தக் கரைக்குப் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. முத்தையா அண்ணாச்சி கடைசிவரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைக் காறித் துப்ப உரிமை உள்ளவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை.