விசில் ஊதுபவருக்கு வீடு வாடகைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் மனைவி ஒரு விசில் ஊதினாள். அந்த ஒரே ஊதலில், அலைந்து திரிந்து பிடித்த எங்கள் வாடகை வீடு கையை விட்டுப் போகும் நிலைமை வந்துவிட்டது.

எவ்வளவு அலைந்தோம் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கலாவுக்கு இலுப்பைக்கடவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மன்னார் ரவுனுக்கு இடமாற்றம். விளையாட்டு ரீச்சர். எங்களைப் போல வடக்குக் கரையோரத்தில் இருந்தவர்களுக்கு மன்னார்தான் பெருநகரம். சிரிக்காதீர்கள். வங்கிகள் இருக்கின்றன, பேக்கரிகள் இருக்கின்றன, வாகன நெரிசல்கூட இருக்கிறது — நடுறோட்டில் படுத்திருக்கும் கழுதை தானாக எழும்பும்வரை.

புது நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்க்கக் கூடாதாம், அது இருக்கும் குறிச்சியைத்தான் பார்க்க வேண்டுமாம். யூடியூபில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் பூங்கா இருக்கிறதா, ரயில் நிலையம் நடக்கும் தூரமா என்றெல்லாம் கேட்கச் சொன்னார். பாவம், அவர் மன்னாரில் வீடு தேடியதில்லை.

இங்கே முதல் கேள்வி, கிணறு உப்பா நல்லதா? தீவு அல்லவா… ஒரு ஒழுங்கையில் தேத்தண்ணீர் தேனாக இருக்கும், அடுத்த ஒழுங்கையில் அதே தேயிலை கடலாக இருக்கும். போன வீடெல்லாம் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். இரண்டாவது, காற்று எந்தப் பக்கம்? வாடைக் காற்றில் ஈரமண் மணக்கும் வீடு, சோளகக் காற்று தொடங்கியதும் கருவாடு மணக்கும். மூன்றாவது, மழைக்கு வெள்ளம் நிற்குமா? இதற்கு மட்டும் எந்த வீட்டுக்காரரும் உண்மை சொல்லமாட்டார். "சொட்டுத் தண்ணி நிக்காது" என்பார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருப்பார்.

நான் இப்படிக் கேட்டுக்கொண்டு திரிய, வீட்டுக்காரர்கள் சும்மா இருந்தார்களா?

"எந்த ஊர்? ஆரின்ர ஆக்கள்? வேதக்காரரோ சைவமோ? மச்சம் மாமிசம் சமைப்பீங்களோ?"

எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னோம். எந்தப் பதிலுக்கு எந்த வீடு கைநழுவியது என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் சேவியர் அண்ணையின் வீடு. நல்ல தண்ணீர். நல்ல காற்று. மேட்டு நிலம். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவருக்குத்தான் எங்களைப் பிடிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லாமல் வாசல் படலையடியிலேயே நின்றார்.

"கந்தோரில வேலை செய்யிற ஆக்களும் கேட்டிருக்கினம், பாப்பம்" என்று இழுத்தார். பிறகு மரியாதைக்கு ஒரு கேள்வி. "ரீச்சர் என்ன பாடம்?"

"விளையாட்டு. புட்போல் மட்ச்சுகளுக்கு றெபரியாவும் போறனான்" என்றாள் கலா.

சேவியர் அண்ணை நிமிர்ந்தார்.

"சேட்டிபிக்கற் இருக்கோ?"

"ஓம்."

கதிரை வந்தது. தேத்தண்ணீர் வந்தது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வீட்டுத் திறப்பும் கைக்கு வந்தது. எல்லாம் என் முகராசி என்று திரும்பும் வழியில் கலாவிடம் பெருமையடித்தேன்.

குடிவந்த பிறகுதான் விஷயம் வெளித்தது. சேவியர் அண்ணைதான் அந்தக் குறிச்சி விளையாட்டுக் கழகத்தின் தலைவர். அவர்கள் இத்தனை காலமும் எந்த அணியிடமும் தோற்றதில்லையாம், றெபரிமாரிடம் மட்டும்தான் தோற்றார்களாம். ஆட்கள் உண்டு, ஜேர்சி உண்டு, கோயிலில் பூசை உண்டு. ஒரு விசில்தான் குறை. அது இப்போது வாடகைக்கு வந்திருக்கிறது.

நாளாந்தம் மீன் வரத் தொடங்கியது. "ரீச்சருக்கு" என்று சொல்லி பாரை, விளைமீன். எனக்குத் தொண்டையில் முள் குத்தியது.

"கலா, இது லஞ்சமில்லையோ?"

"அயலட்டை ஆக்கள் மீன் தாறது லஞ்சமே? நானும் அவையளுக்குக் கொழுக்கட்டை குடுத்தனான்தானே. பேசாமச் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். நல்ல மீன்.

அப்படியே போன ஞாயிறும் வந்தது. அரையிறுதி ஆட்டம். எங்கள் குறிச்சியும் அடுத்த குறிச்சியும். வர வேண்டிய றெபரிக்குக் காய்ச்சல். ஏற்பாட்டாளர்கள் கலாவிடம் ஓடி வந்தார்கள்.

"நான் இவையின்ர குறிச்சியில இருக்கிறன். வேறை ஆளைப் பாருங்கோ" என்று அவள் மறுத்தாள். வேறு ஆள் இல்லை. எதிர் அணிக்காரர் முகத்தைச் சுளித்துவிட்டு, சரி என்றார்கள். சேவியர் அண்ணை அயன் பண்ணிய சேட்டோடு முன்வரிசையில் இருந்தார். அவருடைய சிரிப்பைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கோல் எதுவும் இல்லாமல் ஆட்டம் முடியும் நேரம். எங்கள் கோலுக்கு முன்னால், எங்கள் பெடியன் ஒருவனின் கையில் பந்து பட்டது. நான் கண்டேன். சேவியர் அண்ணை கண்டார். எல்லைக்கோட்டில் மேய்ந்துகொண்டிருந்த கழுதையும் கண்டிருக்கும். கலா மட்டும் காணாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டினேன். கழகத்துக்காக அல்ல, கிணற்றுக்காக.

விசில். பெனால்டி. கோல். தோல்வி.

ஒழுங்கைக்குத் திரும்பி வந்தோம். "ரீச்சர், சாப்பிட்டாச்சோ?" என்று தினமும் கேட்கும் அக்கா, எங்களைக் கண்டதும் கோழியைத் தேடிக்கொண்டு வளவுக்குள் போனார்.

"காணாத மாதிரி விட்டிருக்கலாமே?" என்றேன்.

"பந்து கையில பட்டதோ, இல்லையோ?"

"பட்டது."

"பிறகென்ன?"

எனக்கு அவள்மேல் கோபம். அதைவிடப் பெருமை. இரண்டும் சேர்ந்து வந்தால் சோறு இறங்காது. பெட்டி கட்டிய கயிறுகளை எங்கே வைத்தேன் என்று யோசித்தபடி படுத்தேன்.

காலையில் படலைச் சத்தம். சேவியர் அண்ணை. வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கிணற்றடியில் நின்று, வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரீச்சர், அது கையிலதான் பட்டது. ராத்திரி முழுக்க யோசிச்சனான். பட்டதுதான்."

வாளியைத் தூக்கித் திருப்பி வைத்தார்.

"எண்டாலும்… கொஞ்சம் மெல்லமா ஊதியிருக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. கதிரையும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். அவர் தேத்தண்ணீரை வாயில் வைக்கக்கூட இல்லை, மறுபடி படலைச் சத்தம். வென்ற குறிச்சியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்திருந்தார். கையில் ஒரு பை நண்டு.

"ரீச்சர், எங்கட பக்கம் ஒரு வீடு வெறுமையாக் கிடக்கு. நல்ல தண்ணிக் கிணறு. இஞ்சை ஏதும் கரைச்சல் எண்டா…"

சேவியர் அண்ணை கதிரையை விட்டு எழும்பினார்.

"ஆர் சொன்னது கரைச்சல் எண்டு? ரீச்சர் எங்கட ஆள். அவ ஒரு இடமும் போகமாட்டா."

கலா இருவரையும் பார்த்துவிட்டு, நண்டோடு வந்தவரிடம் சொன்னாள்.

"உங்கட பெடியள் ஆடுற இறுதி ஆட்டத்துக்கும் என்னைத்தான் ஊதச் சொல்லி இப்ப போன் வந்தது. அது முடியட்டும், அண்ணை. அதுக்குப் பிறகும் அந்த வீடு எனக்கு இருந்தாச் சொல்லுங்கோ, யோசிப்பம்."

வந்தவரும் யோசித்தார். பிறகு நண்டுப் பையைத் திரும்பவும் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, "அப்ப வாறன்" என்று போனார்.

தோற்ற பிறகு சேவியர் அண்ணை முதல்முறையாகச் சிரித்தார்.

புது நகரத்தில் குறிச்சி தேடுகிறீர்களா? தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், காற்றைக் கேட்டுப் பாருங்கள், முழங்கால் உயரப் பெயின்ற்றைக் கட்டாயம் பாருங்கள். உங்களால் தோற்ற மனிதர் மறுநாள் காலையில் என்ன சொல்லிக்கொண்டு படலையைத் திறக்கிறார் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

என்ன தொல்லை என்றால், அதைக் குடிபோன பிறகுதான் பார்க்க முடியும்.