வாய் திறக்காத மஞ்சள் மீன்

கூழாங்கல் கண்ணாடியில் விழும் சத்தம் சிறியதுதான். பொரிகடலையைப் பல்லில் வைத்துக் கடித்தாற்போல ‘டிக்’ என்று ஒன்று கேட்கும், சற்றுப் பொறுத்து இன்னொன்று. பள்ளி விட்டு வந்து முன்னறையில் பையை இறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் என்னை நிற்க வைக்கும். எங்கள் தொட்டியின் மீன்கள் தரையில் கிடக்கும் கற்களை வாயால் கவ்விக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் துப்பிக்கொண்டிருக்கும். காலையில் மேடாக இருந்த இடம் மாலையில் பள்ளமாகியிருக்கும். விரல் நீளம்கூட இல்லாத உயிர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே திருத்திக் கட்டுவதை, ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அவருடைய வாடிக்கைக்காரரான ஒரு வக்கீல் வீட்டைக் காலிசெய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போனபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத மூன்றரை அடிக் கண்ணாடித் தொட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் அதில் சிவப்பும் நீலமுமாக மின்னும் சின்னஞ்சிறு மீன்களை விட்டோம்; ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குடிக்கிற ‘ஆத்தூர்த் தண்ணி’ எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதில் ஒரு குடத்தைக்கூட மீனுக்குத் தரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால், தொட்டிக்கு ஊற்றியது வீட்டு போர்வெல் தண்ணீர், சோப்பு நுரைக்காத, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும் உப்புத் தண்ணீர்.

மீன் கடை வைத்திருந்த ஜாகிர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “உப்புத் தண்ணியாண்ணே? அப்ப உங்க வீட்டுக்குன்னே பொறந்த மீனு இருக்கு. ஆப்பிரிக்காவுல ஒரு ஏரி, அந்தத் தண்ணியும் இப்படித்தானாம். ஆனா ஒண்ணு, இதுக பொல்லாத சாதி. அடிச்சுக்கிட்டே கெடக்கும்.”

அப்படி வந்தவைதான் நான்கு மஞ்சளும் மூன்று நீலமும். மஞ்சளின் பெயர் ‘எலெக்ட்ரிக் எல்லோ’ என்று கேட்டதும் அப்பாவுக்கு அது தம் தொழிலைச் சேர்ந்த மீனாகவே ஆகிவிட்டது. ஊரே சபித்துக்கொண்டிருந்த தண்ணீரில் அவை நாளுக்கு நாள் நிறம் ஏறின. எங்களில் யாருமே போய்ப் பார்த்திராத ஓர் ஏரிக்கும் எங்கள் வீட்டு போருக்கும் ஒரே தண்ணீர் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கும்.

ஜாகிர் அண்ணன் சொன்ன சண்டையும் வந்தது. நீலத்தில் பெரியது, உடம்பில் கறுப்பு வரி போட்டது, தொட்டியின் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு எல்லை தாண்டியதையெல்லாம் விரட்டியது. லத்தியோடு விரட்டும் போலீஸ் மாதிரி இருக்கிறதென்று அம்மா அதற்கு ‘ஏட்டு’ என்று பேர் வைத்தாள். இரண்டாவது நீலம் வால் கிழிந்து மூலையில் ஒதுங்கி, மறுநாள் செத்துப்போனது. “கொலகாரப் பயல வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வேடிக்க பாக்குறீக,” என்று அம்மா தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவாள்.

ஒளிய இடம் இருந்தால்தான் மற்றவை பிழைக்கும், கல் அடுக்குங்கள் என்று ஜாகிர் அண்ணன் யோசனை சொன்னார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் இறக்கப் போன அப்பா, பழைய சாக்கு நிறையக் கல் கொண்டுவந்து, தேய்த்துக் கழுவி, தொட்டிக்குள் குகை குகையாக அடுக்கினார். அன்று மாலைக்குள் ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு பொந்தைப் பிடித்துக்கொண்டது. சண்டை நிற்கவில்லை, ஆனால் தோற்றது போய் ஒளிய ஓர் இடம் இருந்தது.

அந்தக் கோடையில் மஞ்சள்களில் ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது. தீனி போட்டதும் எல்லா மீனும் மேலே பாயும். இது மட்டும் தன் பொந்தின் வாசலில் நிற்கும். தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. எதையோ மெல்வதுபோல வாய் அசையும், ஆனால் திறக்காது. தீனி அதன் மூக்குக்கு முன்னாலேயே மிதந்து இறங்கும்போதுகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பத்து நாள் ஆயிற்று. வயிறு ஒட்டி, முதுகு கத்திபோல ஆகிவிட்டது. “சீக்கு மீனு. மத்ததுக்கும் ஒட்டுறதுக்குள்ள எடுத்துப் போட்டுருங்க,” என்றாள் அம்மா. ரெண்டு நாள் பார்க்கலாம் என்று அப்பா தள்ளிப்போட்டார்.

எனக்கு அது பசியில் சாகிறது என்று தோன்றியது. ஏட்டுக்குப் பயந்துதான் சாப்பிடவில்லை, தனியாக எடுத்துவைத்தால் சாப்பிடும் என்று நானே முடிவுசெய்தேன். ஒரு சனிக்கிழமை அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் ஏறி வலையை உள்ளே விட்டேன். பொந்துக்குப் பொந்து அதைத் துரத்தி, மூலையில் மடக்கிப் பிடித்து, அள்ளினேன். வலைக்குள் அது ஒருமுறை உடம்பை உதறியது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் மஞ்சளாக ஏதோ கொத்தாகக் கொட்டியது.

குடல் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். மாடிப்படி இறங்கி வந்த அம்மா, வலையைப் பிடித்தபடி ஸ்டூல்மேல் நின்ற என்னைப் பார்த்தாள். குனிந்து வலைக்குள் உற்றுப் பார்த்தாள்.

“இது கொடல் இல்லடி,” என்றாள் மெதுவாக. “கண்ணு இருக்கு பாரு.”

கண் இருந்தது. கடுகைவிடச் சிறிய கறுப்புக் கண்கள் இரண்டிரண்டாக. வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிய, வால் முளைத்த குஞ்சுகள் வலையின் ஈரத்தில் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரையே மொண்டு அகன்ற வாளிபோன்ற பிளாஸ்டிக் அன்னக்கூடையில் ஊற்றி, தாயையும் குஞ்சுகளையும் அம்மா அதில் கவிழ்த்தாள். அப்பாவுக்கு போன் போட்டாள். அப்பா ஜாகிர் அண்ணனிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடையைத் துண்டால் மூடி இருட்டாக்கிவிட்டு யாரும் கிட்டே போகக் கூடாது என்பதுதான் யோசனை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா துண்டின் ஓரத்தைத் தூக்கினார். தாய் மீன் தலையைத் தாழ்த்தி ஒரு குஞ்சை வாய்க்குள் இழுத்தது.

“ஐயையோ, திங்குதுங்க,” என்று அம்மா தண்ணீருக்குள் கையை விடப் போனாள்.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “திங்கல. உள்ள வச்சுக்குது. இந்த மீனு முட்டைய வாயில வச்சுத்தான் பொரிக்குமாம். மூணு வாரம். அதுவரைக்கும் ஒண்ணும் திங்காதாம், முழுங்கிருவோம்னு.”

அது இன்னொன்றை எடுத்தது. பிறகு இன்னொன்று. கற்களைக் கவ்வி எறிகிற அதே வாய், சண்டையில் செதிலைப் பிய்க்கிற அதே பற்கள். ஒரு குஞ்சுக்கும் கீறல் விழவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இம்புட்டு நாளா பட்டினி கெடந்தது இதுக்குத்தானா? நான் எடுத்துப் போடச் சொன்னேனே.”

மூன்று குஞ்சுகளை அது எடுக்கவில்லை. அவை அடியில் வெள்ளையாகக் கிடந்தன. அப்பா ஈர வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீயா தாயி, கைய வச்ச?” தலையாட்டினேன். “பசிக்கும்னு நெனச்சியாக்கும்,” என்றார். அடித்திருந்தால்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

அது பகலில் மணிக்கணக்கில் மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம். மூன்றாம் நாள் முற்பகலில் கரண்ட் போனது. கூடைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. வெயிலில் தண்ணீர் சூடேற, தாய் மீன் மேலே வந்து செவுளைப் படபடவென்று அடித்தது. மூச்சுக்காக வாயை அகலத் திறந்தால் குஞ்சுகள் போய்விடும், அது திறக்கவில்லை. அம்மா ஒரு சொம்பை எடுத்து, கூடைத் தண்ணீரையே ஓரத்தில் மொண்டு, காற்று கலக்கட்டும் என்று ஒரு முழ உயரத்திலிருந்து சன்னமாக ஊற்றினாள். திரும்ப மொண்டாள், திரும்ப ஊற்றினாள். கை மாற்றிக் கை மாற்றி, கரண்ட் வரும்வரை மூன்று மணி நேரம். “செத்த நேரம் நான் ஊத்துறேம்மா,” என்று கேட்டேன். “வேணாம். நான் ஊத்துறதுக்கு அது பழகிருச்சு,” என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெஞ்சனம் இல்லை, சோறும் மோரும்தான். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய், பழைய பேட்டரியில் ஓடும்படி ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு காலை, அம்மா எங்களைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். தாய் மீன் கூடையின் நடுவில் அசையாமல் நின்றது. வாய் மெல்லத் திறந்தது. உள்ளே இருட்டில் பல ஜோடிக் கண்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று வந்தது, நகக்கண் அளவே, ஆனால் வாலும் துடுப்பும் மஞ்சளும் குறையில்லாத முழு மீன். பின்னாலேயே மற்றவையும் வந்தன. நன்றாகப் பார்க்க நான் குனிந்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் அத்தனையும் திரும்பிப் பாய்ந்து தாயின் வாய்க்குள் போய்விட்டன. வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பின் மலை, கடல் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். அப்படி மூச்சு நின்றது அந்த ஒரு தடவைதான்.

குஞ்சுகள் வளர்ந்ததும் அப்பா ஜாகிர் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தாய் இன்னும் இரண்டு வருடம் இருந்து, நான்கு தடவை வாய் மூடியது. அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கதவை அடித்துச் சாத்தியதில்லை.

நான் கல்லூரிக்குப் போன வருடம் வீடு மாறினோம். மாற்றும்போது தொட்டியின் அடிக் கண்ணாடி விரிசல் விட்டுப்போயிற்று. அப்பாவின் பழைய போனில் எடுத்த படம் ஒன்றில் மஞ்சளாக ஒரு கலங்கல் மட்டும் தெரிகிறது. மீன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, மறுபடியும் ஒரு தொட்டி வாங்கி வைக்கலாமா என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மா காய் நறுக்கி முடித்து, வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: “எனக்கும் ஆசதான். ஆனா கரண்டு போனா, மூணு மணி நேரம் ஊத்த இந்தக் கையில தெம்பு இல்லங்க.”